விபத்தே நிகழாத சோடாக் கொம்பனி

நெருப்பைக் கண்டுபிடித்தவர் யார் என்று உலகத்துக்குத் தெரியாது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்றும் தெரியாது. ஆனால் விபத்தே நிகழாத தொழிற்சாலையைக் கண்டுபிடித்தவர் சண்டிலிப்பாய் தியாகராசா முதலாளி என்பதில் எவருக்கும் ஐயம் வேண்டாம். எண்பத்து நாலாம் ஆண்டில், அவருடைய 'வெள்ளிநிலா சோடாக் கொம்பனி'யில் இந்தச் சாதனை நிகழ்ந்தது. போத்தல்கள் வெடித்தது உண்மை. கண்ணாடி பறந்ததும் உண்மை. இரத்தமும் கொஞ்சம் ஓடியது. விபத்து மட்டும் நிகழவில்லை.

இந்த நுட்பமான வேறுபாட்டைச் சிந்தித்தவர் முதலாளி. அதைச் செயலில் காட்டியவர் அவருடைய கிளாக்கர் சீவரத்தினம்.

சீவரத்தினம் நல்ல மனிதர். எவரையும் எதிர்த்துக் கதைத்து அறியார். மனைவி ஞானாம்பிகை சந்தையில் பேரம் பேசும்போது சற்றுத் தள்ளி நின்று, கத்தரிக்காய்க்காரியை அனுதாபத்தோடு பார்ப்பவர். கொம்பனியில் எத்தனையோ வருடமாகக் கைப்பிடி இல்லாத கதிரையில் இருந்து வந்தார். கைப்பிடி வைத்த கதிரையில் ஒருநாள் உட்கார வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு பேராசை கிடையாது.

அந்த நாள், காப்புறுதி ஏஜென்ட் கிளரன்ஸ் வந்த நாளில் பிறந்தது.

கிளரன்ஸ் வட்டுக்கோட்டையில் படித்தவர். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு சைக்கிள் ஓடுபவர். தொழிலாளிகள் வேலையில் காயப்பட்டால் நட்டஈடு கொடுப்பதற்கான காப்புறுதியை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வருவார். வந்தால் ஒரு ஒரேஞ் சோடா குடிப்பார். அதை உடைக்கும் பொறுப்பைச் சீவரத்தினத்திடம் விட்டுவிட்டு, மூடி கழன்ற சத்தம் கேட்ட பிறகுதான் அறைக்குள் நுழைவார்.

"முதலாளி," என்றார் அன்று, கவலை தோய்ந்த முகத்தோடு. "உங்கடை சரித்திரம் சரியில்லை."

தியாகராசா முதலாளி பதறி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"ஆர் தம்பி சொன்னது? அது நான் கலியாணம் கட்ட முந்தின விசயம்."

"அந்தச் சரித்திரம் இல்லை முதலாளி. உங்கடை கிளெயிம் சரித்திரம். இஞ்சை எத்தினை பேர் காயப்பட்டவை, அதுக்கு நாங்கள் எவ்வளவு நட்டஈடு குடுத்தனாங்கள் எண்டு கொழும்பிலை மேலிடம் பாக்கும். கனக்கக் குடுத்திருந்தால் உங்கடை கட்டணம் ஏறும். ஒண்டும் குடுக்காட்டில் இறங்கும்."

"போன வருசம் ஒரு பெரிய காயமும் இல்லையே!"

"பெரிசு ஒண்டு வந்தால் மேலிடம் அதைத் தலைவிதி எண்டு விட்டிடும். சின்னச் சின்னதாய் அடிக்கடி வந்தால் அதைப் பழக்கம் எண்டு நினைக்கும். உங்களுக்குப் பழக்கமாய்ப் போச்சுது முதலாளி. மிசினுக்குக் கம்பிவலையிலை ஒரு கூடு அடியுங்கோ. பழைய போத்தலுகளைக் கழியுங்கோ. ரண்டு மூண்டு வருசத்திலை சரித்திரம் சுத்தமாயிடும்."

முதலாளி நெடுநேரம் யோசித்தார். பெரிய கண்டுபிடிப்புகளுக்கு முன்னால் இப்படியொரு மௌனம் இருக்குமாம்.

"கம்பிவலை அடிச்சால், இஞ்சை ஏதோ ஆபத்து இருக்குதெண்டு சனம் நினைக்கும். நான் கேக்கிறது விபத்தைக் குறைக்கிற வழியை இல்லைத் தம்பி. உங்கடை கொழும்புக் கந்தோருக்கு வாற விபத்தைக் குறைக்கிற வழியை."

கிளரன்ஸ் சோடா புரைக்கேறி இருமினார். "இதை நான் கேக்கேல்லை," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அன்று பின்னேரமே சீவரத்தினம் உள்ளே அழைக்கப்பட்டார்.

"சீவரத்தினம், நீர் இண்டையிலை இருந்து கிளாக்கர் மட்டுமில்லை. இந்தக் கொம்பனியின்ரை 'பாதுகாப்பு அதிகாரி'."

அறைக்குள் ஒரு கதிரை கொண்டுவந்து வைக்கப்பட்டது. அதற்குக் கைப்பிடி இருந்தது. இரண்டு பக்கமும் இருந்தது. சீவரத்தினம் இரண்டையும் ஒருதரம் தடவிப் பார்த்தார்.

"நான் என்ன செய்யவேணும் ஐயா?"

"பாதுகாக்க வேணும்."

"ஆரை?"

"ஆரை எண்டு கேக்கப்படாது. எதை எண்டு கேளும். எங்கடை சரித்திரத்தை!"

புதிய கதிரையில் அமர்ந்து சீவரத்தினம் முதற் பணியாக 'விபத்துத் தவிர்ப்பு ஒழுங்குவிதிகள்' எழுதினார். தமிழில் இவ்வளவு கருணையான விதிகள் அதற்கு முன் எழுதப்படவில்லை. எவருக்காவது உடம்பில் 'அசௌகரியம்' ஏற்பட்டால் அவரை உடனடியாகக் கேற்றுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். வெளியே வந்ததும், அன்று காலை வீட்டில் தாம் என்ன வேலை செய்தார் என்பதை அவர் அமைதியாக நினைவுகூர வேண்டும். வருடம் முழுவதும் ஒரு கிளெயிமும் போகாவிட்டால் தீபாவளிக்குப் பெண்களுக்குச் சேலை, ஆண்களுக்கு வேட்டி. ஒன்று போனாலும் ஒருவருக்கும் இல்லை.

கடைசி விதி முதலாளியே சொல்லி எழுதுவித்தது. அதன் அருமை பிறகுதான் விளங்கியது. ஒருவர் காயப்பட்டால் மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து அவரைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

முதல் 'அசௌகரியம்' பராசக்திக்கு வந்தது. போத்தலுக்கு மூடி அடிக்கும் மிசினில் வேலை செய்பவள். கைவேகத்துக்குப் பேர் போனவள். மூன்று பிள்ளைகளின் தாய். காஸ் கூடிய போத்தல் ஒன்று அவள் பிடியிலேயே வெடித்தது. விதிப்படி அவளைத் தூக்கி வந்து கேற்றுக்கு வெளியே பூவரசுக்குக் கீழே இருத்தினார்கள். சீவரத்தினம் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"கிளாக்கர் ஐயா, கை விறைக்குது. கெதியாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ."

"ஓம் பிள்ளை, ஓம். அதுக்கு முதல்... காலமை வீட்டிலை என்ன கறி வைச்சனீர்?"

"என்ன?"

"கறி. என்ன கறி?"

"பிலாக்கொட்டை," என்றாள் பராசக்தி, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அதை வெட்டேக்கை..."

"அதை ஆர் வெட்டுறது? அவிச்சு உரிச்சனான்."

சீவரத்தினத்துக்கு வியர்த்தது. அவளுடைய சேலைத் தலைப்பு நனைந்து சிவந்துகொண்டிருந்தது. "தேங்காய்? தேங்காய் திருவியிருப்பீர்!"

"திருவினனான்."

"திருவலை!" என்றார் சீவரத்தினம், கணக்குக்கு விடை கண்ட மாணவனைப்போல. "திருவலையிலை கை வெட்டிப்போட்டுது. சரியோ? எல்லாற்றை சேலையும் இப்ப உம்மடை கையிலைதான் இருக்கு."

பராசக்தி தன் கையைப் பார்த்தாள். ஓம் என்று தலையை ஆட்டினாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் சூசைதாசன் அவளுடைய உள்ளங்கையிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"திருவலையிலை கண்ணாடி எப்பிடி வந்தது?"

"அது... பழைய திருவலை, டொக்டர்," என்றார் சீவரத்தினம்.

டொக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. காயம் ஆறியது; இரண்டு விரல்கள் மட்டும் மடங்க மறுத்துவிட்டன. நிர்வாகம் பெருந்தன்மையோடு அவளைப் போத்தல் கழுவும் இடத்துக்கு மாற்றியது. அங்கே சம்பளம் குறைவு. ஆனால் தண்ணீர் குளிர்ச்சி.

பராசக்திக்குக் காயம்பட்ட அன்று மத்தியானம் சீவரத்தினம் கட்டிக் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிடாமலே திருப்பிக் கொண்டுபோனார். ஞானாம்பிகை பாத்திரத்தைத் திறந்து பார்த்தாள்.

"ஏன், கறி சரியில்லையோ?"

"பசிக்கேல்லை."

"கைப்பிடி வைச்ச கதிரையிலை இருந்தால் பசிக்காதாக்கும்," என்று அவள் பாத்திரத்தைக் கழுவப் போனாள்.

அதன்பின் ஊரில் வீடுகள் பயங்கரமாகிக்கொண்டு வந்தன. சோடா நிரப்பும் கனகரத்தினத்துக்கு வேலியடைக்கும்போது நெற்றி பிளந்தது. போத்தல் அடுக்கும் இரத்தினம்மாவின் காலை அவளுடைய சொந்த அம்மி பதம் பார்த்தது. ஒரு மாடு கண்ணாடிக் கொம்பால் இரண்டு பேரைக் குத்தியது. கொம்பனிக்குள்ளேயோ பூரண அமைதி. வெடிச்சத்தம்தான் முதலில் சீவரத்தினத்தை உறுத்தியது. வீதியால் போகிறவர்கள் சத்தம் கேட்டுச் சைக்கிளோடு புகையிலைத் தோட்டத்துக்குள் விழுந்து படுத்தார்கள். முதலாளி அதையும் தீர்த்துவைத்தார்.

"இந்தச் சண்டை நாளையிலை ஊரிலை எங்கைதான் வெடிச்சத்தம் இல்லை? எங்கடை சத்தத்தை ஆர் பிரிச்செடுத்துச் சொல்லப்போயினம்?"

ஆனாலும் தியாகராசா முதலாளி கல்நெஞ்சர் அல்லர். தம் தொழிலாளிகள் வீடுகளில் படும் துன்பம் அவரை வருத்தியது. சனசமூக நிலையத்தில் 'வீட்டுப் பாதுகாப்பு வாரம்' ஒன்றை ஒழுங்கு செய்து, தாமே தலைமை தாங்கினார். பேச்சைச் சீவரத்தினம் எழுதிக் கொடுத்திருந்தார். முன்வரிசையில் கட்டுப்போட்ட கைகளும் கால்களும் வரிசையாக இருந்தன.

"தாய்மாரே!" என்றார் முதலாளி. "அரிவாளைக் கவனமாய்ப் பாவியுங்கோ. திருவலையிலை இருக்கேக்கை பக்கத்து வீட்டுக்காரியோடை கதையாதேங்கோ. என்ரை கொம்பனியைப் பாருங்கோ. ஒரு கீறல் உண்டோ? உங்கடை வீடுகள்தான் உங்களுக்கு எதிரி. ஆனபடியால், உங்கடை நன்மைக்காக, நாளையிலை இருந்து எல்லாரும் ஒரு மணித்தியாலம் கூட வேலைக்கு நிக்கவேணும். உயிரிலை ஆசை இருந்தால் வீட்டுக்குக் கெதியாய்ப் போகாதேங்கோ!"

கைதட்ட வேண்டிய இடத்தில் பலருக்குக் கைதட்ட முடியவில்லை. பின்வரிசையில் இருந்த ஞானாம்பிகை, வீட்டுக்கு வரும் வழியில் ஒரேயொரு கேள்விதான் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, இந்த ஊரிலை சோடாக் கொம்பனியிலை வேலை செய்யாத ஆக்களின்ரை திருவலை ஏன் கடிக்கிறேல்லை?"

சீவரத்தினம் வானத்தைப் பார்த்து, மழை வரும்போல் இருக்கிறது என்றார்.

வருட முடிவில், கொம்பனியில் ஆபத்து ஒன்றும் இல்லை என்று பாதுகாப்பு அதிகாரி கையெழுத்து வைத்த அறிக்கையைக் கண்டு மேலிடம் மகிழ்ந்தது. கட்டணம் இறங்கியது. சேலையும் வேட்டியும் வந்தன. முதல் கழுவலில் சாயமும் வந்தது. முதலாளி உற்சாகத்தில் எங்கோ பூட்டிக்கிடந்த கொம்பனி ஒன்றின் பழைய போத்தல்களை மலிவாக வாங்கி, 'வெள்ளிநிலா' என்று பெயர் அடித்து, அவற்றையும் மிசினுக்கு அனுப்பினார். அவை முன்னவற்றைவிட நன்றாக வெடித்தன.

புது வருடம் கிளரன்ஸ் நேரில் பார்வையிட வந்தபோது, முதலாளியின் அறைக்குள் கதைக்க முடியாதபடி சத்தம். "சீவரத்தினம், போய்ச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லும்," என்றார் முதலாளி. பாதுகாப்பு அதிகாரி மிசினடிக்குப் போனார். "பிள்ளையள், கொஞ்சம் மெதுவாய் வெடிக்க..." என்று தொடங்கினார். வசனம் முடியவில்லை.

முகத்தில் யாரோ கொதிநீரை எறிந்ததுபோல் இருந்தது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சீவரத்தினம் நிலத்தில் இருந்துவிட்டார். காலடிச் சத்தங்கள் கேட்டன. "இதை நான் காணேல்லை," என்று கிளரன்ஸ் சைக்கிளை எடுப்பதும் கேட்டது. முதலாளியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது.

"கேற்றுக்கு வெளியிலை! முதல் கேற்றுக்கு வெளியிலை தூக்குங்கோ!"

அந்த வலியிலும் சீவரத்தினத்துக்கு ஒன்று விளங்கியது: விதி ஒரு எழுத்தும் பிசகாமல் பின்பற்றப்படுகிறது. பூவரசுக்குக் கீழே இருத்தினார்கள். முதலாளி குனிந்து, மிகுந்த பாசத்தோடு கேட்டார்:

"காலமை வீட்டிலை விறகு கொத்தினனீரோ, சீவரத்தினம்?"

ஆஸ்பத்திரிக்கு ஞானாம்பிகை தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். டொக்டர் சூசைதாசன் துண்டுகளை எடுத்துக் கட்டுப் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். வாசலில் முதலாளி நின்றார்.

"வீட்டிலை விறகு கொத்தேக்கை பட்டதாம், டொக்டர்," என்றார் முதலாளி.

"எந்த வீட்டிலை?" என்று கேட்டாள் ஞானாம்பிகை. "எங்கடை வீட்டிலையோ? பொறுங்கோ முதலாளி. இந்த மனிசன் கலியாணம் கட்டின நாளிலை இருந்து ஒரு சுள்ளி முறிச்சதில்லை. விறகு கொத்துறது நான். கண் போறதெண்டால் என்ரை கண்ணல்லோ போயிருக்கவேணும்?"

டொக்டர் சீவரத்தினத்தின் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கோ. எங்கை நடந்தது?"

எத்தனை பேருக்கு இந்தக் கேள்விக்குரிய விடையைச் சொல்லிக் கொடுத்திருப்பார்! இப்போது அவருடைய முறை. மனைவியின் கை அவருடைய தோளில் இருந்தது.

"கொம்பனியிலை," என்றார் சீவரத்தினம். வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவரை எதிர்த்துக் கதைத்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது.

இடது கண் திரும்பவில்லை. கிளெயிம் கொழும்புக்குப் போனது. பல கிழமை கழித்துக் கிளரன்ஸ் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார்.

"மேலிடம் நம்பமாட்டன் எண்டுது, அண்ணை."

"கண் இல்லாததையோ?"

"இல்லை. அது கொம்பனியிலை போனதை. போன வருசம் முழுக்க ஒரு கீறலும் இல்லாத இடம். அப்பிடி நல்ல சரித்திரம் உள்ள இடத்திலை திடீரெண்டு ஒரு கண் போகுமோ எண்டு கேக்கினம். அதுவும் பாதுகாப்பு அதிகாரியின்ரை கண். விபத்து நடக்காத இடத்திலை விபத்து நடந்தால் அது விபத்தில்லையாம், மோசடியாம்." கிளரன்ஸ் குரலைத் தாழ்த்தினார். "கொம்பனியிலை ஆபத்து ஒண்டும் இல்லையெண்டு கையெழுத்து வைச்சது நீங்கள்தானே, அண்ணை."

அடுத்த நாள் சீவரத்தினம் பராசக்தியின் வீட்டுக்குப் போனார். அவள் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். விறைத்த இரண்டு விரலையும் விட்டுவிட்டுச் சேலையைப் பிழிவதற்கு ஒரு புது முறை பழகியிருந்தாள்.

"வாங்கோ கிளாக்கர் ஐயா. என்ன கறி எண்டு கேக்க வந்தனீங்களோ?"

சீவரத்தினம் தலை குனிந்தார். "எல்லாரும் சேர்ந்து உண்மையைச் சொல்லவேணும், பிள்ளை. நான் தனியச் சொன்னால் ஆரும் நம்பினமில்லை."

"என்ரை கை போகேக்கை உங்களுக்கு ரண்டு கண்ணும் இருந்தது. ஒண்டும் தெரியேல்லை. இப்ப ஒண்டு போன பிறகுதானோ கண் திறந்தது?"

"ஓம்," என்றார் சீவரத்தினம். போகாமல் வெயிலில் அப்படியே நின்றார்.

பராசக்தி கடைசிச் சட்டையையும் கொடியில் போட்டாள். "நீங்கள்தான் எங்களைப் பொய் சொல்ல வைச்சதெண்டு டொக்டருக்கு முன்னாலை முதல் சொல்லவேணும். பேந்து நாங்கள் சொல்லுறம்."

அப்படியே நடந்தது. காயப்பட்டவர்கள் எல்லோரும் ஒரு ஊர்வலம்போல ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சீவரத்தினம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். இடையில் இரண்டு தரம் அழுதார். டொக்டர் கேட்டு முடித்துவிட்டு, அலுமாரியிலிருந்து ஒரு பழைய ஹோர்லிக்ஸ் போத்தலை எடுத்து வந்து மேசையில் கொட்டினார். கண்ணாடித் துண்டுகள். திருவலையிலிருந்தும் அம்மியிலிருந்தும் மாட்டுக் கொம்பிலிருந்தும் வந்தவை. இரண்டு துண்டுகளில் எழுத்துக்கூட இருந்தது. கனகரத்தினத்தின் நெற்றியிலிருந்து 'நி' வந்திருந்தது. சீவரத்தினத்தின் கன்னத்திலிருந்து எடுத்தது 'லா'.

"இது தெரிஞ்சும் ஏன் டொக்டர் சொல்லேல்லை?" என்று கேட்டாள் பராசக்தி.

"நான் கேட்ட நேரம் நீங்கள் திருவலை எண்டனீங்கள். காயத்துக்கு நான் மருந்து கட்டலாம். வாக்குமூலத்துக்கு என்னத்தைக் கட்டுறது?" என்றவர், சற்றுப் பொறுத்து, "நானும் இன்னும் ஒருக்கால் கேட்டிருக்கலாம்," என்றார்.

டொக்டரின் சான்றிதழோடும் கண்ணாடித் துண்டுகளோடும் கிளெயிம்கள் ஒன்றாகக் கொழும்பு போயின. ரயில் ஓடாத நாளில் லொறியில் போயின. மேலிடம் திகைத்தது, அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்த்தார். அவர் நின்றபோதே ஒரு போத்தல் வெடித்து அவருடைய தொப்பியைக் கழற்றியது. அதற்குமேல் அவருக்குச் சான்று தேவைப்படவில்லை. நட்டஈடு எல்லோருக்கும் வந்தது. கம்பிவலைக் கூடு அடிக்காவிட்டால் காப்புறுதியே இல்லை என்று கட்டளையும் வந்தது. கட்டணம் முன்பு இருந்த உயரத்தையும் தாண்டி ஏறியது.

கூடு அடித்து முடிந்த அன்று தியாகராசா முதலாளி எல்லோரையும் முற்றத்தில் கூட்டினார். துக்கவீட்டில் நிற்பவர்போல் நின்றார்.

"ஒரு சுத்தமான சரித்திரம் கண்ணுக்கு முன்னாலை செத்துப்போச்சு," என்றார். "நான் ஆரையும் குற்றம் சொல்லேல்லை. ஆனால் கட்டிக் காத்தது இப்பிடி ஒரு நாளிலை நாசமாய்ப் போச்சுதே எண்டு மனம் கேக்குதில்லை. பரவாயில்லை. ரண்டு மூண்டு வருசம் கவனமாய் இருந்தால் திரும்பக் கட்டி எழுப்பலாமாம்." அவர் கண்கள் கூட்டத்தைத் துழாவிச் சீவரத்தினத்தில் வந்து நின்றன. "சீவரத்தினம், நடந்ததை மறப்பம். அந்தக் கதிரை இன்னும் காலியாய்த்தான் கிடக்குது. சம்பளமும் கூட்டித் தாறன். நீரே திரும்பப் பாதுகாப்பு அதிகாரியாய் இரும். இந்த வேலையிலை உம்மளவு அனுபவம் இஞ்சை வேறை ஆருக்கு இருக்கு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பராசக்தி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

சீவரத்தினம் முன்னுக்கு வந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, வழக்கமான பணிவோடு சொன்னார்:

"மன்னிக்கவேணும் ஐயா. எனக்கு இன்னும் ஒரு கண் தெரியுது. உங்கடை வேலைக்கு அது கூடிப்போச்சு."